பாவு சுமந்த வண்டி

சின்ன காஞ்சிபுரத்தில் காலத்தை அளக்க ஒரு பெரிய அளவுகோல் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளுகிறார். 1979-ல் வந்தார். அடுத்து 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்தார். இந்த இரண்டு வருகைக்கும் நடுவில் ஒரு வண்டி இங்குள்ள நெசவுத் தெருக்களுக்குள் நுழைந்து, வீட்டுக்கு வீடு திண்ணையோரம் இடம் பிடித்து, பிறகு புதிதாகக் கடைக்கு வருவதும் நின்றுபோனது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்த டிவிஎஸ் மொபெட்டைச் சொல்கிறேன்.

அது பிறந்தது ஓசூரில், 1980-ல். 1911-ல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய தொழில் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை செய்த முயற்சி. 50 சிசி இன்ஜின், கியர் கிடையாது, மிதித்துக் கிளப்பப் பெடல். லூனா மொபெட் 1972-லேயே வந்துவிட்டது என்றாலும், இருவர் உட்காரலாம் என்று சொல்லி விற்ற முதல் இந்திய மொபெட் டிவிஎஸ் 50தான். அந்தப் பின் இருக்கை சாதாரண விஷயமல்ல. கணவன் ஓட்ட மனைவி உட்காரலாம். மனைவி இல்லாத நேரத்தில் மூட்டை உட்காரும். ஒரு குடும்பமும் ஒரு தொழிலும் ஒரே வண்டியில் ஏறின.

காஞ்சிப் பட்டுச் சேலை ஊரை விட்டுப் போவதற்கு முன் ஊருக்குள்ளேயே நிறைய அலைகிறது. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வரும், இல்லையென்றால் காஞ்சியிலேயே இருக்கும் தமிழ்நாடு ஜரிகை ஆலையிலிருந்து. சாயம் போடுவது ஓரிடம், நூல் சுற்றுவது ஓரிடம், தறியின் நீளவாக்கு நூலான பாவை ஓட்டுவது வேறிடம். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டும். அதன் பிறகுதான் தறியில் பிணைப்பார்கள். நெய்து முடித்த சேலை கூட்டுறவுச் சங்கத்துக்கோ முதலாளி வீட்டுக்கோ போகும். அடுத்த பாவு அங்கிருந்து கிளம்பும். ஓரிக்கை, செவிலிமேடு, முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை என்று சுற்றுப்பட்டு ஊர்களிலும் தறிகள் ஓடுவதால் இந்த அலைச்சல் ஊர் எல்லையோடு நிற்பதும் இல்லை.

இத்தனைக்கும் பட்டு கனமான பொருளே அல்ல. மூன்று சேலைக்கான பாவைச் சுருட்டினால் ஒரு கையில் தூக்கிவிடலாம். ஜக்கார்டு பெட்டி கனம், டிசைன் அட்டைக் கட்டு கனம், தறிமரம் கனம். சைக்கிளில் இவற்றைக் கொண்டுபோவது பாடு. மாட்டுவண்டி பிடிக்க நெசவுக் கூலிக்குக் கட்டாது. மொபெட் அந்த இடைவெளிக்குள் வந்து உட்கார்ந்தது. இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே காலியாக இருக்கும் இடத்தில் ஒரு மூட்டை நிற்கும். பின் இருக்கையைக் கழற்றினால் இன்னும் இரண்டு. நிறுவனமே பிறகு இதைப் புரிந்துகொண்டு எக்ஸ்எல், எக்ஸ்எல் சூப்பர், ஹெவி டியூட்டி என்று சுமைக்கேற்ற வண்டிகளாகவே வளர்த்தது. 50 சிசி 70 ஆனது.

இந்த வண்டி சின்ன காஞ்சியில் வேரூன்றியதற்கு விலை ஒரு காரணம், இன்ஜினின் எளிமை அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் சக்தி கிடைக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒன்று விட்டு ஒரு முறைதான். அதனால் சின்ன இன்ஜினே போதுமான இழுவை தரும், எடையும் குறையும். வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, டைமிங் செயின் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே என்ற பொறியாளர் 1890-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஏற்பாடு இது. நூறு வருஷத்துக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை. உள்ளே அசையும் முக்கிய உறுப்புகள் மூன்று: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க். ஒரு பிளக் ஸ்பேனரும் இரண்டு மூன்று சாவிகளும் வைத்திருக்கும் தெருமுனை மெக்கானிக் அரை மணியில் ஹெட்டைக் கழற்றி மாட்டிவிடுவார். தறியைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் ஊரில், ஒரு மனிதன் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரத்துக்குத் தனி மரியாதை கிடைத்ததில் வியப்பில்லை.

எளிமைக்கு விலையும் இருந்தது. பெட்ரோல் கலவை பிஸ்டனுக்கு அடியில் உள்ள கிராங்க் அறை வழியாகப் போவதால் அங்கே தனியாக இன்ஜின் ஆயில் தேங்கி நிற்க முடியாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்க வேண்டும். அதுதான் 2டி ஆயில். லிட்டருக்கு 20 மில்லி என்பார் ஒருவர், பழைய வண்டிக்கு 40 ஊற்றச் சொல்வார் இன்னொருவர். மெக்கானிக்குக்கு மெக்கானிக் கணக்கு மாறும். குறைத்து ஊற்றினால் பிஸ்டன் சீஸ் ஆகும், போர் போட வேண்டி வரும். கூட்டி ஊற்றினால் பிளக் கரி பிடிக்கும், சைலன்சர் அடைத்துக்கொள்ளும். வண்டி இழுவை இல்லாமல் திணறும்போது, சைலன்சரைக் கழற்றி நெருப்பில் காட்டிக் கரி எடுப்பார்கள். எடுத்து மாட்டியதும் வண்டி புதிதாக ஓடும்.

சின்ன காஞ்சியின் ஓட்டம் இந்தக் கரியை அதிகப்படுத்தியது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடினால் கரி எரிந்து வெளியேறும். நெசவாளியின் ஓட்டமோ துண்டு துண்டானது. வீட்டிலிருந்து சாயப்பட்டறை, அங்கே நிறுத்தி ஒரு மணி நேரம். அங்கிருந்து ரங்கசாமி குளம், மறுபடியும் நிறுத்தம். வெயில் எவ்வளவு அடித்தாலும் இன்ஜின் உள்ளுக்குள் அரைச்சூட்டிலேயே இருக்கும். எரியாத ஆயில் சைலன்சரில் படிந்துகொண்டே போகும்.

படிந்த ஆயில் புகையோடு துளித்துளியாக வெளியேயும் தெறிக்கும். பட்டுக்கு எண்ணெய் எமன். ஒரு சொட்டு விழுந்த இடம் சாயம் மங்கித் தனியாகத் தெரியும். சங்கத்தில் சேலையை விரித்து வெளிச்சத்தில் பார்க்கும்போது அந்தப் பொட்டு கூலியில் பிடித்தமாகும். அதனால் சேலையை வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, பின்னால் கட்டாமல் முன்னால் காலுக்கு நடுவே வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பெட்ரோல் பங்கில் ஆயில் கலந்த கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிய பிறகே தறியில் உட்கார வேண்டும். விடிகாலையில் தெருவில் ஈரக் கஞ்சியோடு பாவு நீண்டிருக்கும் நேரத்தில் ஒரு வண்டி நீலப் புகை கக்கிக்கொண்டு கடந்தால், அந்தப் புகையும் கிளப்பிய தூசும் போய் உட்காருவது பத்து நாள் உழைப்பின் மேல். நெசவுத் தெருவின் நுரையீரலைப் பற்றி எனக்கு இதைவிடக் கவலை அதிகம். குழித்தறியில் தரை மட்டத்தில் உட்கார்ந்து நெய்பவரின் மூக்கு, நிற்பவரின் மூக்கைவிட, வாசலில் நிற்கும் வண்டியின் சைலன்சருக்கு உயரத்தில் நெருங்கி இருக்கிறது.

புகையில் ஆயில் மட்டும் இல்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது எரிந்த வாயு வெளியேறும் துளையும் புதுக் கலவை உள்ளே வரும் துளையும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். வந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல், வண்டியை ஒரு அங்குலமும் நகர்த்தாமல் தெருக் காற்றில் கலக்கிறது. கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கின் பிறவிக் குறை இது. எந்த மெக்கானிக்காலும் தீர்க்க முடியாது.

இதே வழக்கு பனி நாடுகளிலும் நடந்தது. கனடாவின் கியூபெக்கில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959-ல் ஸ்கி-டூ என்ற பனி வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பனி வண்டிகள் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்கிலேயே ஓடின. ஆழமான பனியில் புதைந்தால் தூக்கி எடுக்க இலகுவான வண்டி வேண்டும் என்பது அவர்களின் நியாயம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், 2000-களின் தொடக்கத்தில், வாயிலில் நுழைவுச் சீட்டு கொடுக்கும் ஊழியர்கள் புகைக்காக முகமூடி அணிய வேண்டிய நிலை வந்தது. பிறகு புகையும் சத்தமும் குறைந்த வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்று விதி கொண்டுவந்தார்கள். உள்ளே போனவை பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக். தடம் போட்ட பாதையில் நாள் முழுக்கச் சுற்றுலா போகிறவர்களுக்கு அது நல்லதாகவும் அமைந்தது. எரிபொருள் நீடித்தது, காது வலிக்கவில்லை. இதற்கு எதிராக டூ ஸ்ட்ரோக்காரர்கள், துளை மூடிய பிறகு பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறையைக் கொண்டுவந்து கசிவைப் பெருமளவு அடைத்தார்கள். அங்கே போட்டி இன்னும் முடியவில்லை. அந்த நுட்பத்தின் செலவை ஒரு மலிவு மொபெட் தாங்காது. காஞ்சிக்கு அது வரவேயில்லை. 

இந்தியாவில் மாற்றம் மெதுவாக வந்தது. 1985-ல் இரண்டு வண்டிகள் ஏறக்குறைய ஒன்றாக இறங்கின. ஒன்று ஹீரோ ஹோண்டா சிடி 100, ஃபோர் ஸ்ட்ரோக், மைலேஜுக்குப் பெயர் வாங்கியது. மற்றொன்று யமஹா ஆர்எக்ஸ் 100, டூ ஸ்ட்ரோக், வேகத்துக்குப் பெயர் வாங்கியது. இளைஞர்களின் மனம் ஆர்எக்ஸ் பக்கம், குடும்பக் கணக்கு சிடி பக்கம். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-ல் நின்றது. டெல்லியில் 1998 இறுதியில், பங்கிலேயே அளவோடு கலந்த 2டி பெட்ரோல்தான் விற்க வேண்டும் என்றார்கள். 2000, 2005, 2010 என்று புகை விதிகள் இறுகிக்கொண்டே வந்தன. மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிய பிறகும் மொபெட் மட்டும் பழைய இன்ஜினோடு ஓடியது. சுமை தூக்கும் ஏழையின் வண்டியை விலை ஏற்றாமல் மாற்றுவது எளிதல்ல.

அந்த மாற்றம் 2015 அக்டோபரில் வந்தது. எக்ஸ்எல் 100. 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். பார்க்க அதே வண்டி: அதே மெலிந்த உடம்பு, காலுக்கு நடுவே அதே காலி இடம், கியர் இல்லாத அதே ஓட்டம், 4 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 67 கிலோமீட்டர் என்றது நிறுவனம். ஒன்று விட்டு ஒரு முறைதான் சக்தி என்பதால், பழைய இழுவையைத் தர இன்ஜின் 70-லிருந்து 100-க்கு வளர வேண்டியிருந்தது. 2017 ஏப்ரல் 1-ல் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி நாடு முழுவதும் கட்டாயமானது. 2020-ல் ஸ்டேஜ் 6 வந்தபோது கார்புரேட்டரும் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் ஏறியது.

சின்ன காஞ்சி இதை உடனே மனமாரக் கொண்டாடிவிடவில்லை. பழக்கம் என்று மட்டும் அதைத் தள்ளிவிட மாட்டேன், நியாயமும் இருந்தது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலைக் கலக்கத் தேவையில்லை, ஆனால் காலத்துக்கு மாற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் புது ஆயில் தானாகப் போய்விடும், மறதிக்கு இடமில்லை. இதில் மறந்தால் ஆயில் கருத்து வற்றி, கேமும் வால்வும் தேயும். ஒருமுறை பிரித்தால் செலவு பழைய வண்டியைப் போலப் பல மடங்கு. இன்ஜெக்‌ஷன் வந்தபின் சென்சார் பழுதைத் தெருமுனைக் கடையில் எல்லோராலும் கண்டுபிடிக்க முடியாது. ஷோரூமுக்குப் போக வேண்டும், அங்கே காத்திருக்க வேண்டும். தறி நிற்கும் அரை நாள் நெசவாளிக்குக் கூலி நஷ்டம்.

இருந்தும் நான் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம்தான் நிற்கிறேன். முதல் காரணம் மூச்சு. இரண்டாவது, பட்டு, முன்னால் வைத்தாலும் பின்னால் கட்டினாலும் எண்ணெய்த் துளிக்குப் பயப்பட வேண்டியதில்லை. மூன்றாவது, சத்தம். நெசவுத் தெருவில் பலகை விழும் ஓசையும் நாடா ஓடும் ஓசையும் வேலைக் கருவிகள். கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலை நெய்யும்போது எதிர் நாடா போடும் ஆளுக்கும் நெய்பவருக்கும் நடுவே குரல் கேட்க வேண்டும். மெக்கானிக்குகளைப் பற்றிய கவலை மட்டும் எனக்குத் தீரவில்லை. டூ ஸ்ட்ரோக்கைக் கைநாடியில் அறிந்த ஒரு தலைமுறைக்கு இன்ஜெக்‌ஷன் வேலையை ஐடிஐ-களும் நிறுவனங்களும் தெருவுக்கே வந்து சொல்லித் தர வேண்டும். வண்டியை மாற்றச் சொன்ன சட்டம், அதைப் பழுது பார்ப்பவரை மாற்ற எதுவும் செய்யவில்லை.

இப்போது புதிதாக வாங்குகிறவருக்கு இந்த இரண்டில் தேர்வு என்று ஒன்று இல்லை. பெட்ரோல் மொபெட் என்றால் கடையில் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக் மட்டுமே. தேர்வு இருப்பது, வீட்டில் பழைய எக்ஸ்எல் சூப்பர் வைத்திருப்பவருக்கு. பதிவு செய்து 15 ஆண்டு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். சங்கத்துக்கு மாதம் இரண்டு நடை, ஊருக்குள் மட்டும் ஓட்டம், பக்கத்திலேயே நம்பிக்கையான மெக்கானிக் என்றால் இன்னும் சில காலம் வைத்துக்கொள்ளலாம்; அளந்து ஆயில் ஊற்றவும், வாரம் ஒருமுறை பாலாற்றுப் பாலம் தாண்டிச் செய்யாறு சாலையில் சூடேற ஓட்டவும் தெரிந்திருக்க வேண்டும். தினமும் ஐயம்பேட்டைக்கும் காந்தி சாலைக்கும் பாவும் சேலையுமாக ஓடுகிறவர், ஆயில் மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு புது வண்டிக்கு மாறிவிடுவது நல்லது. பெட்ரோலில் மிச்சமாகும் பணம் தவணையில் ஒரு பங்கைக் கட்டும்.