மீராவும் அதன் துணை விண்மீனும்

திமிங்கில விண்மீன் கூட்டத்தில் உள்ள மீரா ஒரு சிவப்பு ராட்சத விண்மீன். சூரியனைப் போன்ற விண்மீன்கள் தம் இறுதிக் காலத்தில் ஊதிப் பெருத்து இந்த நிலையை அடைகின்றன. ஏறத்தாழ 332 நாளுக்கு ஒருமுறை மீரா விரிந்து சுருங்குகிறது. உச்சத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். மங்கிவிட்டால் தொலைநோக்கி இல்லாமல் தேடிப் பயனில்லை. அதை ஒட்டியே ஒரு சிறு துணை விண்மீனும் சுற்றிவருகிறது. மீராவின் ஏற்ற இறக்கம் 1596-லேயே கண்ணில் பட்டது. துணையைப் பார்க்க 1923 வரை ஆயிற்று.

வட ஜெர்மனியின் கிழக்கு ஃபிரீசியாவில் பாதிரியாராக இருந்தவர் டேவிட் ஃபாப்ரீசியஸ். 1596 ஆகஸ்டில், புதன் என்று தாம் நினைத்த ஒரு கோளின் இடத்தைக் கணிக்க, அருகில் தெரிந்த மூன்றாம் தர விண்மீன் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டார். அந்தக் கோள் வியாழனாகத்தான் இருந்திருக்க வேண்டும். அடையாள விண்மீனோ சில வாரங்களில் ஒளி கூடி இரண்டாம் தரத்துக்கு ஏறி, அக்டோபரில் கண்ணுக்குத் தெரியாமல் போனது. 1572-இல் வானியலாளர் டைக்கோ பிராஹே ஆராய்ந்த விண்மீனைப் போல இதுவும் தோன்றி அழியும் புது விண்மீன் என்று ஃபாப்ரீசியஸ் முடிவு செய்தார். 1603-இல் தம் விண்மீன் வரைபடத்தை வெளியிட்ட யோஹன் பேயர், இதன் வரலாறு தெரியாமலேயே ஓமிக்ரான் என்ற கிரேக்க எழுத்தை இதற்குக் கொடுத்தார். 1609-இல் ஃபாப்ரீசியஸ் அதே இடத்தில் அதை மறுபடி கண்டார். அழிந்துபோன விண்மீன் திரும்பி வராது. ஆனால் இந்தப் புதிரைப் பின்தொடர அவருக்கு ஆயுள் போதவில்லை. தேவாலயத்தில் வாத்துத் திருடன் என்று அவர் குற்றம் சாட்டிய ஒருவன் 1617-இல் அவரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றான்.

இது குறித்த காலத்தில் மறைந்து திரும்பும் விண்மீன் என்பதை 1638-இல் நெதர்லாந்தின் ஃப்ரானெக்கரில் யோஹன்னஸ் ஹோல்வார்தா கண்டுகொண்டார். 1662-இல் டான்சிக் நகரத்து ஹெவேலியஸ் இதைப் பற்றித் தனி நூலே எழுதி, லத்தீனில் வியப்புக்குரியது என்று பொருள்படும் மீரா என்ற பெயரை நிலைநிறுத்தினார். பிரெஞ்சு வானியலாளர் புல்லியோ 1667-இல் கணித்த காலம் 333 நாள். இன்றைய கணக்குக்கும் அதற்கும் ஒரு நாள்தான் வித்தியாசம். சுழலும் விண்மீனின் கரும்புள்ளிகள் நம் பக்கம் திரும்பும்போது ஒளி குறைகிறது என்று அவர் சொன்ன காரணம் மட்டும் தவறு.

இதே போக்குள்ள விண்மீன்கள் மீரா வகை என்றே அழைக்கப்படலாயின. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ரகுநாதாச்சாரி 1867-இல் கண்டறிந்த ஆர் ரெட்டிகுலி இவ்வகையைச் சேர்ந்ததே.

துணை விண்மீன் இத்தனை காலம் அகப்படாததற்குப் பார்த்தவர்களின் ஆர்வமும் ஒரு காரணம் எனலாம். மீரா பிரகாசிக்கும் நாட்களையே எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். அந்த ஒளியில் துணை அமுங்கிப்போகும். அமெரிக்காவின் மவுன்ட் வில்சன் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஜாய், மீரா மங்கியிருந்த வேளையில் அதன் நிறமாலையைப் பதிவு செய்தார். குளிர்ந்த சிவப்பு விண்மீனில் இருக்கக் கூடாத, மிகச் சூடான விண்மீனுக்குரிய கோடுகள் அதில் கலந்திருந்தன. அருகில் ஒரு துணை விண்மீன் இருக்க வேண்டும் என்ற ஜாயின் யூகத்தை ஏற்று லிக் ஆய்வகத்து ராபர்ட் எய்ட்கன் 1923 அக்டோபரில் 36 அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பினார். ஒரு வில்நொடிக்கும் குறைவான இடைவெளியில் துணை தெரிந்தது.

இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும் படத்தை 1995-இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்தது. இடைத்தூரம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ளதைப் போல ஏறத்தாழ 70 மடங்கு. மீரா உதறித் தள்ளும் வாயுவில் ஒரு பகுதியைத் துணை ஈர்த்துத் தன்னைச் சுற்றி வட்டாகச் சேர்த்துக்கொள்கிறது. அது சாதாரண விண்மீனா, எரிந்து முடிந்த வெண்குள்ளனா என்பது நெடுநாள் வழக்கு. அதன் ஒளி நிமிடங்களுக்குள் துடித்து மாறுவதை 2010-இல் வெளிவந்த ஆய்வு காட்டியபின், வெண்குள்ளன் என்ற பக்கமே வலுத்திருக்கிறது.

2007-இல் காலெக்ஸ் செயற்கைக்கோளின் புறஊதாப் படங்களில், மீராவின் பின்னால் 13 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு வால் இருப்பது தெரியவந்தது. நொடிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் மீரா, சுமார் 30,000 ஆண்டுகளாக உதிர்த்துவந்த பொருள் அது. துணை ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 500 ஆண்டு ஆகும் எனக் கணித்திருக்கிறார்கள். எய்ட்கன் கண்ட நாள் முதல் இதுவரை அது கடந்திருப்பது ஐந்தில் ஒரு பங்கு வழிதான்.