சதையியை வெட்டினால் சீனி ஏன் கூடுகிறது?



எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்க வைத்தியசாலைக்குப் போகிறவன் நான். அங்கே ஒரு ஐயா கேட்டார்: "தம்பி, வயித்துக்குத்துக்கு வெட்டினவங்கள். குத்து நிண்டிட்டுது. இப்ப சீனி வருத்தம் வந்திட்டுது. பிழையா வெட்டிப்போட்டாங்களோ?" அவருக்கு இருந்தது நாட்பட்ட சதையி அழற்சி. அன்று அவருக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சதையிக்கு, அதாவது பாங்கிரியாசுக்கு, இரண்டு வேலை. ஒன்று, உணவைச் செமிக்கச் செய்யும் நொதியங்களைச் சுரப்பது. மற்றது, குருதியில் சீனியைக் கட்டுப்படுத்துவது. 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ், சதையிக்குள் தீவுகள் போலக் கிடந்த கலக்கூட்டங்களைக் கண்டார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

1889இல், அப்போது யேர்மனியின் கையிலிருந்த ஸ்திராஸ்பூர்க் நகரில், மின்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் ஒரு நாயின் சதையியை முழுதாக எடுத்தார்கள். நாயின் சிறுநீரில் சீனி வந்தது. பின்பு மின்கோவ்ஸ்கி சதையித் துண்டொன்றை நாயின் தோலுக்கடியில் பதித்துப் பார்த்தார். துண்டு இருந்தவரை நீரிழிவு வரவில்லை, எடுத்ததும் வந்தது.

1921இல் ரொறன்ரோவில் பான்டிங்கும் பெஸ்டும் அந்தத் தீவுகளின் சுரப்பைத் தேடினார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. அதன்பிறகுதான் சதையி இல்லாமலும் மனிதர் உயிர்வாழ வழி பிறந்தது.

ஆனாலும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இயன்றவரை சதையியை மிச்சம்பிடிக்கவே பார்த்தார்கள். அடைபட்ட குழாயைத் திறந்து குடலோடு இணைத்தார்கள். அல்லது பழுதான தலைப்பகுதியை மட்டும் எடுத்தார்கள். வால்பகுதியில் தீவுகள் அதிகம் என்பதால், அதை வெட்டினால் சீனி வரும் வாய்ப்பும் கூட. இன்னொன்றையும் மறக்கக்கூடாது: வெட்டாமல் விட்டாலும் அழற்சியே காலப்போக்கில் தீவுகளை அழித்துவிடும். ஐயாவின் சீனிக்குக் கத்தியை மட்டும் குறைசொல்ல முடியாது.

1977இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சதர்லான்ட், நஜாரியன் குழுவினர் புதுவழி கண்டார்கள். வெளியே எடுத்த சதையியிலிருந்து தீவுகளைப் பிரித்து, அதே நோயாளியின் ஈரலுக்குள் செலுத்தினார்கள். சொந்தக் கலங்கள் என்பதால் உடல் அவற்றை நிராகரிக்காது. 2012இல் அவர்கள் வெளியிட்ட 409 பேரின் கணக்கில், மூன்று ஆண்டின் பின் 30 வீதமானோருக்கு இன்சுலின் தேவைப்படவில்லை. மேலும் 33 வீதமானோருக்குத் தீவுகள் ஓரளவு வேலை செய்தன. தீவுகள் கூடக் கிடைத்தவர்களுக்குப் பலனும் கூட. சதையி முற்றாகத் தழும்பேறியபின் போனால் எடுப்பதற்குத் தீவுகள் மிஞ்சாது.

நேயர்களே, இந்தச் சீனி வருத்தம் எங்கள் வீடுகளில் வழமையாகக் காணும் சீனி வருத்தம் அல்ல. இதை 3 சி வகை என்பார்கள். சீனியைக் குறைக்கும் இன்சுலினோடு, சீனியை ஏற்றும் குளுக்ககோனும் குறைந்துபோகிறது. அதனால் சீனி திடீரென்று இறங்கும் ஆபத்து உண்டு. நொதியக் குளிசையைச் சாப்பாட்டோடு எடுக்காமல் இன்சுலினை மட்டும் போட்டால், சாப்பாடு சரியாக உறிஞ்சப்படாமல் சீனி இன்னும் இறங்கலாம். இனிப்பு ஏதாவது எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை முன்னமே ஆராவது சொல்லியிருந்தால் பயந்திருக்கமாட்டன்" என்றார். சத்திரசிகிச்சைக்கு முன்பும் நான்தான் அவருக்கு மொழிபெயர்த்தேன். கேட்கவேண்டுமென்று எனக்கும் அப்போது தெரியவில்லை.

அதனால் அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போகும் பிள்ளைகளே, மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் பகுதியை வெட்டுகிறீர்கள்? எவ்வளவு மிஞ்சும்? தீவுகளைக் காப்பாற்ற வழி உண்டா?