களனிக் கரையில் தொடங்கிய கல்வி



சென்ற மாதம் என் பழைய மாணவியொருத்தியின் தாயார் வீட்டுக்கு வந்திருந்தார். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவர். மகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் திரைப்படமும் பண்பாடும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது.

“டொக்டருக்குப் படிக்கப் போகுதுன்னா நாலு பேருகிட்ட சொல்லிக்கலாம். படம் புடிக்கப் படிக்கிறதுக்கா சேர் சீட்டுக் காசை எடுக்கிறது?” என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன வரலாற்றையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பாதையில் கித்துல்கல வரும். அங்கே களனி கங்கையின் மேல் ஆங்கில நெறியாளர் டேவிட் லீன் பெரிய பாலமொன்றைக் கட்டி, படத்துக்காக அதைத் தகர்த்தார். ‘குவாய் நதிப் பாலம்’ எனும் அப்படம் 1957இல் வெளிவந்தது. அதன் படப்பிடிப்பைப் பாடசாலைச் சுற்றுலாவில் வந்து கண்டான், மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த ஒரு சிறுவன். அவர்தான் பின்னாளைய பாலு மகேந்திரா.

ஆசை இங்கே பிறந்தது. அதற்கான கல்வி இங்கே இருக்கவில்லை. கடல் கடந்து பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போனார். பழைய பிரபாத் ஸ்ரூடியோ வளவில் 1960இல் தொடங்கிய கல்லூரி அது. 1964இல் அதே நகரில் இந்தியாவின் தேசியத் திரைப்படக் காப்பகமும் அமைந்தது. அயல்நாட்டு மாணவராகச் சென்றவர் 1969இல் ஒளிப்பதிவில் தங்கப் பதக்கத்துடன் வெளியேறினார்.

1982இல் அவரது ‘மூன்றாம் பிறை’ வந்தது. நீலகிரியில், கேத்திப் பகுதியில் எடுத்த படம். இருக்கிற வெளிச்சத்தையே நம்பிப் படமெடுத்தவர் அவர். மூடுபனி வெயிலைச் சலித்துத் தரும். நிழலின் கூர்மையை மழுக்கும். நுவரெலியாவில் நாம் அன்றாடம் காண்பதும் அந்த வெளிச்சந்தானே? நான் படம் பார்த்த அன்று பின்வரிசைக் கிழவியொருவர், “இது நம்ம மலையால்ல இருக்கு!” என்று உரத்துச் சொன்னார். அந்த ஒளிப்பதிவுக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது.

எனக்கோ மனம் வேறெங்கோ போயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம்மவர் பலர் குடியேறியது அதே நீலகிரியில்தான். என் சின்னம்மா குடும்பமும் அங்கேதான் போனது. படம் முழுதும் தேடினேன். மலை இருந்தது, அவர்கள் இல்லை. படத்தின் கதை வேறு, குறை சொல்வதற்கில்லை.

தோட்டத்தின் கதையை எவரும் தொடவில்லை என்பதுமல்ல. 1975இல் வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ நம் தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதில் தெளிவத்தை ஜோசப்பின் எழுத்தும் உண்டு. 2013இல், பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்ற பாலா, ‘பரதேசி’யில் தென்னிந்தியத் தேயிலைக் கூலிகளின் துயரத்தைச் சொன்னார். டொக்டர் பி. எச். டேனியல் 1969இல் வெளியிட்ட ஆங்கில நாவலே அதற்கு வித்து.

“பூனாவில் ஒருவர் கற்றது, அவர் மாணவர் வழியாகத் தேயிலைச் செடியடிக்கு வந்துசேர 44 ஆண்டுகள் எடுத்தன. உங்கள் மகள் புறப்படுவதே செடியடியிலிருந்து. அவளுக்கு அவ்வளவு தூரமில்லை அம்மா” என்றேன்.

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார்.

“சரி சேர். அப்ப சீட்டை எடுத்துர்றேன்.”