திரை தீட்டும் பணி கருவுக்குள் புகுந்த கதை

மடிக்கணினியில் வினாத்தாள் தட்டச்சிட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியரின் திரை சட்டென இருள்கின்றது. சில நொடிகளில் மீள்கின்றது. மற்றொரு நாள் நீலத்திரை தோன்றி, சேமிக்காத பக்கங்களெல்லாம் தொலைகின்றன. இவை பெரும்பாலும் ஒரே நோயின் இரு நிலைகளே. அந்நோயின் வேர் 1996ஆம் ஆண்டின் ஒரு முடிவில் கிடக்கின்றது.

டேவிட் கட்லர் தலைமையில் உருவான விண்டோஸ் என்.டி. 3.1 வெளிவந்தது 1993இல். அதன் அமைப்பிலே கண்டிப்பான வரம்பொன்று இருந்தது. நினைவகத்தையும் வன்பொருளையும் ஆளும் கரு உள்ளே. மற்ற நிரல்கள் வெளியே. திரையிற் சாளரங்களைத் தீட்டும் பணியும், அதற்குரிய வரைகலை இயக்கியும்கூட வெளியேதான், 'சி.எஸ்.ஆர்.எஸ்.எஸ்.' என்னும் தனிச் செயல்முறையில் அடங்கியிருந்தன.

பாதுகாப்புக்குரிய விலை வேகம். ஒரு கோடு வரையவும் நிரலானது அந்தச் செயல்முறையின் வாயிலைத் தட்டி விடை பெறவேண்டியிருந்தது. எனவே, 1996இல் வந்த என்.டி. 4.0 பதிப்பில் தீட்டும் பணியையும் இயக்கியையும் கருவுக்குள்ளேயே கொண்டுவந்தனர். வேகம் கூடிற்று. தீட்டும் செயல்முறை வீழ்ந்தால் கணினி எவ்வாறாயினும் பயன்படாது, ஆதலின் புதிதாக இழப்பதொன்றுமில்லை என்று மைக்ரோசாஃப்ட் வாதிட்டது. வாதம் பொருளற்றதன்று, ஆயினும் அது முழுமையன்று. வெளியே நிகழும் பிழை தன் எல்லையோடு நிற்கும். உள்ளே நிகழும் பிழையோ கருவின் நினைவகத்தையே கெடுக்கவல்லது. அன்றியும், அந்த இயக்கிகளை எழுதியோர் பெரும்பாலும் வரைகலைச் சில்லு செய்யும் பிற நிறுவனத்தார். வீட்டுக்குள் வரும் விருந்தினர் யாரென வீட்டுக்காரர் முழுதும் அறியாத நிலை அது! 2001இல் எக்ஸ்.பி. வந்தபோது இவ்வமைப்பு இல்லங்களுக்கும் பரவிற்று.

2007இல் கடைகளுக்கு வந்த விஸ்டா, பாதி வழி திரும்பிற்று. இயக்கியின் பெரும்பகுதி வெளியே அனுப்பப்பட்டது. சிறுபகுதியே உள்ளே நின்றது. காவல் ஒன்றும் ஏற்பட்டது. வரைகலைச் சில்லு தன் வேலையினின்று 2 நொடிக்குள் மீளாவிடில், கணினியை நிறுத்தாமலே இயக்கியை மீளத் தொடங்கிவிடும். திரை இருண்டு மீள்வது இதனால்தான். அம்முயற்சி தோற்றாலோ, 60 நொடிக்குள் 5 முறைக்கு மேல் இவ்வாறு நேர்ந்தாலோ, நீலத்திரை வரும்.

புதிய அமைப்புக்கென இயக்கிகளைப் புதிதாக எழுதவேண்டியிருந்தமையால் தொடக்கத்தில் தொல்லை மிகுந்தது. அமெரிக்க வழக்கொன்றில் 2008இல் வெளிப்பட்ட ஆவணம், விஸ்டாவில் பதிவான நிலைகுலைவுகளுள் 28.8 விழுக்காட்டை என்விடியா இயக்கிகளின் கணக்கிலும், 17.9 விழுக்காட்டை மைக்ரோசாஃப்டின் கணக்கிலுமே எழுதியிருந்தது.

ஆதலின் திரை இருண்டு மீண்டால் அதனைத் தற்செயலென விடலாகாது. முதலிற் கோப்பைச் சேமித்தல் வேண்டும். பின்னர் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால், இயக்கி நின்று மீண்ட செய்தி 4101 என்னும் எண்ணோடு அங்கிருக்கும். புதிய இயக்கியை நிறுவிய பிறகே தொல்லை தொடங்கிற்றென்றால் பழையதற்குத் திரும்புவதே நேர்வழி. பழைய இயக்கியிலும் அது தொடருமானால், சில்லின் சூட்டையும் காற்றாடியில் அடைந்த தூசியையும் பார்க்கவேண்டும்.