எங்கும் போகாத கோடுகள்

இணையத்தில் கனகாலமாகப் பகிடிக்குச் சுற்றுகிற ஒரு வகை விற்பனைப் படம் இருக்கு. முன்னால் ஒரு சேர்க்கிட் போட், கையில் சோல்டரிங் அயன். வடிவா உற்றுப் பாத்தா, படத்தில் இருப்பவர் பிடித்திருப்பது கைப்பிடியை இல்லை, சூடாகிற உலோகப் பகுதியை. வேலை செய்யும்போது அதன் முனை 300 பாகை செல்சியஸைத் தாண்டும். கலைப்பீடத்து ஆக்களான எங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு பொருளின் படத்திலிருந்து அதைச் செய்த கை காணாமல் போனது வரலாற்றுக் கேள்விதானே.

1907இல் வியன்னாவில் பிறந்த யூதர் போல் ஐஸ்லர். பொறியியல் படித்தும் அங்கே வழியில்லாமல் 1936இல் லண்டன் போனார். அந்தக் காலத்து றேடியோவைத் திறந்தால் உள்ளுக்குள் ஒரே கம்பிச் சிக்கல், ஒவ்வொன்றையும் கையால் இணைக்க வேணும். அச்சுத்தொழில் தெரிந்த ஐஸ்லர் வேறு மாதிரி யோசித்தார். செப்புத் தகட்டில் தேவையான கோடுகளை மட்டும் அச்சு மையால் மூடி, மிச்சத்தை இரசாயனத்தால் அரித்தெடுத்தால் என்ன? இதைக் கொண்டுபோய்க் காட்டிய ஒரு நிறுவனம், அந்த வேலையைப் பெண்பிள்ளைகள் மலிவாகச் செய்கிறார்கள் என்று திருப்பி அனுப்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1940இல் 'எதிரிநாட்டவர்' என்று தடுப்புமுகாம் வேறு. வெளியே வந்தபின் அவருக்குக் கை கொடுத்தது, இசைக்குறிப்பு அச்சிடுகிற ஒரு நிறுவனம்! 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

கதை இதோடு முடியவில்லை. 1970களிலும் பல இடங்களில் போட்டின் வரைபடத்தை ஒளிபுகும் தாளில் கறுப்பு நாடா ஒட்டித்தான் செய்தார்கள். உண்மையான அளவைவிடப் பெரிதாக ஒட்டி, புகைப்படமெடுத்துச் சுருக்குவார்கள். ஒரு கோடு வளைந்தால் அதற்குக் காரணம் இருக்கும். ஏதோ ஒன்றைச் சுற்றிப் போகிறது, அல்லது இன்னொன்றைச் சேரப் போகிறது. R1, C3 என்று பக்கத்தில் வெள்ளையாக அச்சிட்டிருப்பது, பழுது பாக்கிற ஆளுக்கு எது றெசிஸ்டர், எது கப்பாசிட்டர் என்று சொல்ல.

எங்களுக்கு இதில் மனதை உறுத்திய இடம் அமெரிக்காவின் ஷிப்ரொக். நியூ மெக்சிகோவில் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் ஃபெயார்சைல்ட் நிறுவனம் 1965 முதல் 1975 வரை சிப் பொருத்துகிற தொழிற்சாலை நடத்தியது. வேலையாட்களில் பெரும்பாலானோர் நவஹோப் பெண்கள். 1969இல் அந்த நிறுவனம் வெளியிட்ட கையேட்டில் நவஹோக் கம்பளத்தையும் சிப்பையும் ஒப்பிட்டுக் காட்டியது. பரம்பரையாக நெசவு தெரிந்த விரல்கள், அதனால் இந்த வேலை இவர்களுக்கு இயல்பாக வருமாம். பாக்க அழகான ஒப்பீடு. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து நாள்முழுக்கச் செய்த கூலிவேலை அதில் 'கலாசாரம்' ஆகிவிட்டது. 1975இல் ஆட்குறைப்பு வந்தது, அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் தொழிற்சாலையைக் கைப்பற்றினார்கள், கொம்பனி மூடிவிட்டுப் போனது. அந்தக் கையேட்டில் கையாவது பேச்சுக்கு வந்தது.

இப்போதைய விற்பனைப் படங்களில் அதுவும் இல்லை. கருத்தரங்குப் பதாகைகளில் பாத்திருப்பீர்கள்: கருநீலப் பின்னணி, நடுவில் ஒளிருகிற சதுரம், அதிலிருந்து நாலாபக்கமும் ஓடி எங்கேயும் சேராமல் நிற்கிற கோடுகள். யார் வாங்குவார், எதற்கு என்று தெரியாமல் முன்கூட்டியே செய்து வைக்கிற படம் இது. வங்கிக்கும் பொருந்த வேணும், மருத்துவமனைக்கும் பொருந்த வேணும். உண்மையான போட்டை வைத்தால் அது றேடியோவாகவோ சார்ஜராகவோ இருந்து தொலைக்கும்.

2022இல் ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவலானபோது, அவை படித்தது இணையத்திலிருந்து அள்ளிய கோடிக்கணக்கான படங்களை. அதற்குள் இந்த விற்பனைப் படங்களும் கிடந்தன. ஆகவே அவற்றிடம் சேர்க்கிட் போட் கேட்டால், கால்கள் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்த சிப்புகளும், எழுத்து மாதிரித் தெரிகிற ஆனால் எழுத்தில்லாத குறிகளும் அப்போது வந்தன. சில படங்களில் கெட்டி இமேஜஸின் நீர்க்குறிகூட அரைகுறையாகக் கலங்கி வந்தது. 2023இல் கெட்டி வழக்குப் போட்டது. வழக்கில் பேசப்பட்டது படங்களின் உரிமை. படத்திலுள்ள போட்டை யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை.