காம்ஸ்டாக்கரி

மரக்காணம் உப்பளங்களில் உப்பை வாரும்போது அடிச்சேறு கலந்துவிடாமல் வாருவது கைப்பக்குவம். சேற்றுக்குப் பயந்து உப்பையே வீசிவிட்டால்? அப்படி வீசியவர் ஒருவரின் பெயர்தான் ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக நிற்கிறது.

அந்தோணி காம்ஸ்டாக், நியூயார்க்கில் இயங்கியவர். 1873இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. ஆபாசம் என்று கருதப்பட்டதைத் தபாலில் அனுப்புவது குற்றமானது. கருத்தடை பற்றிய தகவலும் அதே பட்டியலில் சேர்ந்தது. அஞ்சல்துறையின் சிறப்பு அதிகாரியாக அவரே அதை அமல்படுத்தினார். 1905இல் தம் நாடகமொன்றை நியூயார்க் நூலகம் பொது அலமாரியிலிருந்து எடுத்தபோது, பெர்னார்ட் ஷா இந்தப் போக்கை ‘காம்ஸ்டாக்கரி’ என்று சாடினார். சொல் சில ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறியிருந்தது. உலகறியச் செய்தவர் ஷா.

நமக்கு இது தூரத்துக் கதையல்ல. தஞ்சை மராத்திய அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி தெலுங்கில் பாடிய ‘ராதிகா சாந்த்வனமு’வை, முந்தைய பதிப்பில் விடுபட்ட பகுதிகளையும் சேர்த்து 1910இல் பதிப்பித்தார் இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள். சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் அந்தக் காவியத்தை ஆபாசமென்று ஏற்கெனவே பழித்திருந்தார். ஆங்கிலேய அரசு நூலைத் தடைசெய்தது. இதே சிருங்காரத்தை ஆண்கள் எழுதியபோது எழாத கூச்சம், ஒரு பெண் எழுதியதும் ஏன் எழுகிறது என்று நாகரத்தினம்மாள் கேட்டார். இந்த விவகாரத்தில் எனக்கு மிகப் பிடித்தது அந்தக் கேள்விதான். பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.