அக்கா கல்யாண கேசட்

போன தடவை ஊருக்குப் போனபோது பரணிலிருந்து அக்காவின் கல்யாண கேசட்டை எடுத்து வந்தேன். 1989-ல் எடுத்தது. பாட்டி நடந்து, பேசி, சிரிப்பது உலகத்திலேயே அந்த ஒரு டேப்பில்தான். கணினிக்கு ஏற்ற மலிவாக ஒரு யூஎஸ்பி குச்சி வாங்கினேன். படத்தின் மேல்பக்கம் கொடி மாதிரி வளைந்தது. பாட்டி வாயை மூடிய பிறகு குரல் வந்தது :-)

ஏன் என்று தோண்டியதில் கிடைத்த கதை இது.

1976-ல் ஜேவிசி ஜப்பானில் கொண்டுவந்த விஎச்எஸ், வீட்டுக்கான சரக்கு. நம்மூர் பால் முறையில் வீசிஆரின் உருளை நொடிக்கு 25 தடவை சுற்றும். படத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் 64 மைக்ரோ நொடி. டேப் கொஞ்சம் இழுபட்டாலும் கோடுகள் முன்னே பின்னே வரும். பழைய பிக்சர் ட்யூப் டிவி கூடவே ஆடிச் சமாளித்துவிடும். கணினிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. குழம்பிப் போய் நடுநடுவே படத்தை விட்டுவிடும். குரல் விலகுவது அதனால்தான்.

தொலைக்காட்சி நிலையங்கள் 1970-களிலேயே இதற்கு மருந்து வைத்திருந்தன: டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டிபிசி. கோடுகளை நினைவகத்தில் பிடித்து வைத்து, சரியான தாளத்தில் வெளியே விடும். விலைதான் யானை விலை. 1990-ல் நியூடெக், ஸ்டூடியோ வேலைகளை அமிகா கணினிக்குள் அடக்கி, வீடியோ டோஸ்டரை 2,399 டாலருக்கு விற்றது. ஆனால் அதில் வீசிஆரை இணைக்க டிபிசி தனியாக வாங்க வேண்டும்! மலிவு என்று வந்ததெல்லாம் இந்த ஒன்றைத்தான் விட்டுவிட்டு வந்தது. என் குச்சியும் அந்தப் பரம்பரைதான்.

2016 ஜூலையில் ஃபுனாய் வீசிஆர் தயாரிப்பை நிறுத்தியது. இனி டேப் இருந்தாலும் ஓட்ட மிஷின் கிடைக்காது என்பதுதான் பெரிய கவலை. 2019-ல் யுனெஸ்கோவும் காந்த நாடாக்களைக் காப்பாற்றச் சொல்லி எச்சரித்தது.

அப்படியானால் ஸ்டூடியோ சாமான் வாங்க வேண்டுமா? வேண்டாம். குச்சிக்குக் கூடுதலாகக் காசு கொட்டுவதும் வீண். காசு போகவேண்டிய இடம் வீசிஆரும் டிபிசியும். சில பழைய டிவிடி ரெக்கார்டர்களுக்குள்ளேயே கோடுகளை நேராக்கும் சுற்று இருக்கிறது. அப்படி ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்து, வீசிஆருக்கும் அதே குச்சிக்கும் நடுவே மாட்டினேன்.

கோடுகள் நேராயின. பந்தியில் பாட்டி யாரையோ பார்த்து "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்கிறாள். இந்தத் தடவை வாயும் குரலும் சேர்ந்தே வந்தன.

கேசட்டைத் தூக்கிப் போடவில்லை. தலையிலிருந்து வரும் மூல அலையையே பதிந்து, மென்பொருளால் படமாக்கும் இலவச முறையும் இப்போது வந்திருக்கிறது. அடுத்து அதைப் பார்க்க வேண்டும்.